சொட்டு மருந்து கொடுத்தாச்சே, ஊசி எதற்கு?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

நான் பி.காம். படித்து வங்கி கவுண்டரில் உட்கார்ந்தவன். மருத்துவம் பேச வந்ததற்குக் காரணம் உண்டு. ஒன்றரை மாதப் பேத்திக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில், "போலியோவுக்குச் சொட்டு மருந்துதான் கொடுத்தாச்சே, ஊசி வேண்டாம்" என்று சொல்லித் திருப்பிக் கூட்டி வந்துவிட்டேன். மருமகள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதன் பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன்.

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். தொண்டை ரணமானால் கழுத்தில் கட்டும். கிருமி நுழைந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த நிணநீர் முடிச்சில்தான் ஹெல்பர் டி செல்களுக்குப் பயிற்சி நடக்கிறது. இவை மேஸ்திரி மாதிரி. மற்ற செல்களை வேலை வாங்குவது இவைதான்.

பயிற்சி எந்தக் கிளையிலோ, போஸ்டிங்கும் அங்கேயே. (எங்கள் வங்கியில் அப்படி நடந்ததில்லை, அது வேறு கதை.) குடலை ஒட்டிய முடிச்சுகளில் வைட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினோயிக் அமிலம் தயாராகிறது. அது பட்ட டி செல்லுக்குக் குடலின் முகவரி எழுதப்படுகிறது. கையில் ஊசி போட்டால் அக்குள் பக்கத்தில் பயிற்சி பெறும் செல்லுக்கு அந்த முகவரி அவ்வளவாகக் கிடைப்பதில்லை.

போலியோ கிருமி வாய்வழியாகப் போய்க் குடலில் பெருகுவது. ஊசி ரத்தத்தில் காவல் வைக்கிறது. கிருமி நரம்புக்குப் போகாது, கால் சூம்பாது. ஆனால் குடலில் அது பெருகி வெளியேறலாம். 2005 முதல் ஊசி மட்டுமே போட்டுவந்த இஸ்ரேலில் 2013-ல் சாக்கடை நீரில் போலியோ கிருமி இருந்தது. ஒரு குழந்தைக்கும் வாதம் வரவில்லை. இருந்தும் மறுபடி சொட்டு மருந்து கொடுத்தார்கள்.

அப்படியானால் சொட்டு மருந்தே போதுமே என்று நான் நினைத்ததும் தப்பு. 2016-லிருந்து நம் சொட்டு மருந்தில் இரண்டாம் வகைக் கிருமி இல்லை. அதற்குக் காவல் ஊசிதான். இன்னொன்று, வேலூரில் ஏற்கெனவே சொட்டு மருந்து குடித்த பிள்ளைகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தபோது குடலின் எதிர்ப்பும் கூடியது. வழி தெரிந்த பழைய ஆட்களை ஊசி தட்டி எழுப்புகிறது என்று நான் புரிந்துகொண்டேன்.

அடுத்த புதன்கிழமையே பேத்தியை நானே தூக்கிக்கொண்டு போனேன். நர்ஸம்மா, "ஏன் சார் லேட்?" என்று கேட்டார். மருமகள் என்னைத்தான் பார்த்தாள். தடுப்பூசி அட்டவணையை நம் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன்.