மனிதக் குரலே உரைகல்



காலை எட்டரை மணிக்கு ஏதாவது ஒரு நகரப் பேருந்தில் ஏறிப் பாருங்கள். கல்லூரிக்குப் போகிற பெண், இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் செவிலியர், துணிக்கடையில் வேலை பார்க்கும் இளைஞர் என்று பலர் காதிலும் ஒயர் இல்லாத இயர்பட்ஸ் இருக்கும். ஆப்பிள் நிறுவனம் 2016 செப்டம்பரில், இயர்போன் செருகும் துளையே இல்லாத ஐபோன் 7-ஐ வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அதன் ஒயர் இல்லாத இயர்பட்ஸான ஏர்பாட்ஸ் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் அன்றைய விலை 15,400 ரூபாய். இன்று ஆயிரம் ரூபாயிலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் எத்தனையோ மாடல்கள் கிடைக்கின்றன. சாதாரண வருமானம் உள்ளவர்களும் வாங்கிப் பயன்படுத்த முடிகிறது என்பது உண்மையிலேயே மகிழ்ச்சியான மாற்றம்.

ஆனால் எதைப் பார்த்து வாங்குவது? நாற்பது மணி நேரம், பதின்மூன்று மில்லிமீட்டர், டீப் பாஸ், கேமிங் மோட் என்று பெட்டி முழுக்க எண்களும் பெயர்களும் நிறைந்திருக்கின்றன. நான் சொல்ல வருவது ஒன்றுதான். குறைந்த விலை இயர்பட்ஸை மனிதக் குரலை வைத்து எடை போடுங்கள். நாள் முழுக்க நாம் எதற்கு அதைக் காதில் வைத்திருக்கிறோம்? அம்மாவிடம் பேச, அலுவலகக் கூட்டத்தில் கலந்துகொள்ள, ஆன்லைன் வகுப்பைக் கவனிக்க, செய்தி கேட்க. பாட்டிலும்கூட நம் மனம் முதலில் போய் ஒட்டுவது பாடுகிறவர் குரலில்தான். குரல் தெளிவாக வந்துவிட்டால் முக்கால்வாசித் தேர்வு முடிந்தது.

முதலில் காதில் உட்காரும் விதத்தைப் பாருங்கள். சிலிக்கோன் முனை உள்ள இயர்பட்ஸோடு பெரும்பாலும் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு முனைகள் வரும். பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே மாட்டிக்கொண்டு, மற்ற இரண்டையும் பலர் தொடுவதே இல்லை. வலது காதுக்கும் இடது காதுக்கும் துவாரம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு காதுக்கு நடுத்தரமும் மறு காதுக்குச் சிறியதும் பொருந்தலாம். முனை சரியாகப் பொருந்தாமல் இடைவெளி இருந்தால் தாழ்ந்த ஒலிகள் அதன் வழியே கசிந்துவிடும், வெளிச்சத்தமும் உள்ளே நுழையும். உடனே நாம் சத்தத்தைக் கூட்டுவோம். மாட்டிக்கொண்டு வாயை நன்றாகத் திறந்து மூடுங்கள், மெல்லுவதுபோல் தாடையை அசையுங்கள், குனிந்து நிமிருங்கள். அப்போதும் அசையாமல், அரை மணி நேரம் கழித்தும் வலிக்காமல் இருந்தால் அது உங்களுக்கான அளவு.

அடுத்து ஒலி. டிரைவர் எனப்படும் சின்ன ஒலிபெருக்கியின் அளவைப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். பானை பெரிதாக இருந்தால் சோறு ருசித்துவிடுமா? பத்து மில்லிமீட்டர் டிரைவர் பதின்மூன்றைவிட நன்றாக ஒலிக்கலாம். அதை எப்படி அமைத்திருக்கிறார்கள், ஒலியை எப்படிச் சீர்படுத்தியிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். குறைந்த விலை மாடல்களில் பலவும் பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும். கடையில் கேட்கும்போது அது கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அந்த அதிர்வு பேச்சின் மீது போர்வைபோல் படிந்து, சொற்களை மங்கலாக்கிவிடும்.

ஒரு செய்தி அறிக்கையைப் போட்டுக் கேளுங்கள். மழை, மலை, மளிகை என்ற சொற்களில் ழகரமும் லகரமும் ளகரமும் தனித்தனியாகக் காதில் விழுகின்றனவா? சகர ஒலி சீறிக்கொண்டு வந்து காதைக் குத்துகிறதா? பிறகு ஒரு கர்நாடக இசைக் கச்சேரியைக் கேளுங்கள். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற தாழ்ந்த நாதமும், வலப்பக்கமான வலந்தலையில் விழும் விரல் சொற்களும் வேறு வேறாகக் கேட்க வேண்டும். தொப்பி ஓங்கி ஒலித்து, பாடகரின் குரல் பின்னால் போய்விட்டால், அந்த இயர்பட்ஸில் நீங்கள் வெகுநேரம் பேச்சுக் கேட்க முடியாது.

பாட்டு நன்றாகக் கேட்டதால் அழைப்பும் நன்றாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அழைப்பு வந்ததும் ப்ளூடூத் வேறொரு முறைக்கு மாறுகிறது. மைக்குக்கும் இடம் விட வேண்டியிருப்பதால் ஒலியின் தரம் பெரும்பாலும் குறைந்துவிடும். இங்கே இரண்டு சுருக்கப் பெயர்கள் நிறைய பேரைக் குழப்புகின்றன. ஏஎன்சி என்பது உங்கள் காதுக்கு வரும் வெளிச்சத்தத்தைக் குறைப்பது. வெளி ஓசையை மைக் வழியாக வாங்கி, அதற்கு நேரெதிரான ஒலி அலையை உண்டாக்கி அடக்கும். பேருந்து எஞ்சின், மின்விசிறி போன்ற ஒரே சீரான இரைச்சலை அது நன்றாகக் குறைக்கும். பக்கத்து இருக்கைப் பேச்சும் திடீரென்று அடிக்கும் ஹாரனும் அந்த அளவுக்குக் குறையாது. ஈஎன்சி என்பது மறுமுனையில் இருப்பவருக்கானது. உங்கள் குரலோடு கலந்து போகும் இரைச்சலை வடிகட்டி அனுப்பும். ஈஎன்சி என்று மட்டும் போட்டிருக்கும் பெட்டியை வாங்கிவிட்டு, பேருந்துச் சத்தம் குறையவில்லையே என்று வருந்துபவர்கள் உண்டு. குறைக்க வேண்டிய சத்தம் எந்தப் பக்கத்துச் சத்தம் என்பதை வாங்கும் முன்பே தீர்மானித்துவிடுங்கள்.

இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. வாகனங்கள் ஓடும் சாலையோரம் நின்று வீட்டுக்கு ஓர் அழைப்பு போடுங்கள். மளிகைச் சாமான் பட்டியல் ஒன்றை அளவோடு சொல்லி, எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கால் கிலோவும் அரைக் கிலோவும் மாறாமல் போய்ச் சேர்ந்தால் அந்த மைக் போதும்.

மின்கலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாற்பது மணி நேரம் என்று போட்டிருப்பது, பட்ஸை வைத்து சார்ஜ் ஏற்றும் கேஸில் இருக்கும் சார்ஜையும் சேர்த்த கணக்கு. ஒருமுறை மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் ஐந்தாறு மணி நேரம் வரும். ஏஎன்சி போட்டாலும், சத்தத்தைக் கூட்டினாலும், தொடர்ந்து பேசினாலும் அது இன்னும் குறையும். இந்தச் சின்ன லித்தியம் மின்கலம் நாளடைவில் தளர்ந்துகொண்டே போகும். குறைந்த விலை மாடல்களில் அதை மாற்றவும் பெரும்பாலும் வழியில்லை.

நம் ஊர் வெயிலில் வியர்வைக்கு விலக்கில்லை. ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும் என்று பொருள். எக்ஸ் இருக்கும் இடம் தூசுக்கு உரியது. அங்கே எண் இல்லையென்றால் தூசு பற்றி உறுதி எதுவும் தரப்படவில்லை. இந்தத் தாங்கும் திறன் பெரும்பாலும் பட்ஸுக்கு மட்டும்தான், கேஸுக்குக் கிடையாது. வியர்த்த பட்ஸைத் துடைக்காமல் கேஸில் வைத்தால், உள்ளே இருக்கும் உலோக முனைகளில் பாசிபோல் கறை படிந்து, ஒரு பக்கம் சார்ஜ் ஏறாமல் போகும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால் உடனே பழுது என்று முடிவு கட்டாதீர்கள். சிலிக்கோன் முனையைக் கழற்றி, கம்பி வலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொடிப்பொடியான துளைகளை அடைத்துக்கொண்டு மஞ்சளாகக் காதழுக்கு படிந்திருக்கும். வலை கீழே பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டினால் அழுக்கு உதிர்ந்து, போன சத்தம் திரும்பி வரும். ஊசியால் குத்தினால் வலை கிழிந்துவிடும்.

இந்தியாவில் விற்கப்படும் ஒயர்லெஸ் இயர்போன்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் கட்டாயப் பதிவு உண்டு. பெட்டியில் ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணை, பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் ஊருக்கு அருகில் சேவை மையம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள். உத்தரவாதத்தை மதிக்காமல் அலைக்கழித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது காதின் நலம். பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு அந்த அளவு 75 டெசிபல். சத்தம் மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகிவிடும். 90 டெசிபலில் வாரம் முழுவதற்கும் நான்கு மணி நேரம்தான். பேருந்தின் இரைச்சலை மிஞ்ச நாம் சத்தத்தைக் கூட்டும்போது, இந்த எல்லையைத் தாண்டுகிறோம் என்பது நமக்கே தெரிவதில்லை. காதில் நன்றாகப் பொருந்தும் முனையையும், குரல் தெளிவாக வரும் ஒலியையும் இத்தனை வலியுறுத்தியது இதனால்தான். சொல் புரிந்துவிட்டால் சத்தத்தைக் கூட்ட வேண்டிய அவசியமே வராது. காதில் ரீங்காரம் கேட்டாலோ, கேட்டபின் செவி மந்தமாக இருந்தாலோ, தயங்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். உட்செவியில் ஒலியை உணரும் மயிரிழை செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்கித் தருகிறவர்கள், கொடுக்கும் நாளிலேயே போனில் ஒலி அளவுக்கு ஒரு வரம்பு வைத்துக் கொடுங்கள். சாலையைக் கடக்கும்போதும் தண்டவாளத்தின் அருகிலும் இரண்டு பட்ஸையும் கழற்றிவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.