பூனை எங்கே போயிற்று?

(நமது கிளையின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

நான் படித்தது பௌதிகம். பார்த்தது சர்க்கார் உத்தியோகம். ஆங்கில இலக்கணம் பேச இவனுக்கு என்ன அருகதை என்று கேட்டால் நியாயம்தான். முப்பத்தைந்து வருஷம் ஆங்கிலத்தில் நோட் எழுதியவன் என்ற உரிமையில், ஒரே ஒரு இலக்கணச் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பாஸிவ் வாய்ஸ். தமிழில் செயப்பாட்டுவினை, ஸம்ஸ்கிருதத்தில் கர்மணி பிரயோகம்.

ரென் அண்ட் மார்ட்டினைப் புரட்டாதவர்கள் நம் தலைமுறையில் குறைவு. 'தி கேட் கில்ட் தி ரேட்' என்பதை 'தி ரேட் வாஸ் கில்ட் பை தி கேட்' என்று மாற்றினால் ஒரு மார்க். ஆனால் அந்த 'பை'யையும் அதன் பின்னால் வரும் பூனையையும் எடுத்துவிட்டாலும் வாக்கியம் குறையில்லாமல் நிற்கும் என்பதை யாரும் எனக்கு அழுத்திச் சொல்லவில்லை. எலி செத்தது தெரியும். பூனை தப்பித்துவிடும்.

பரிசோதனைச்சாலை ரிக்கார்டில் இது பொருத்தம். திரவம் எத்தனை டிகிரிக்குச் சூடாக்கப்பட்டது என்பதுதான் அங்கே முக்கியம். சூடாக்கியவன் நானா, பக்கத்து பெஞ்சுக்காரனா என்பது அல்ல. ஆபீஸுக்கு வந்தால் கதை வேறு. 'இட் இஸ் ஃபெல்ட்' என்று நோட் எழுதுவோம். கருதியது யார் என்று ஃபைலைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் தெரியாது. 1987 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ரீகன், ஈரான் விவகாரம் பற்றி 'மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்றார். செய்தவர் வாக்கியத்தில் இல்லை.

இதற்காகப் பாஸிவையே ஒதுக்கவேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆக்டிவில் சொல்ல முடிந்ததைப் பாஸிவில் எழுதாதே என்று 1946-இல் விதி வகுத்த ஜார்ஜ் ஆர்வெல், அதே கட்டுரையில் பாஸிவைத் தாராளமாகவே கையாண்டிருக்கிறார்! தவிர, 'எ டிலே அக்கர்ட்' என்பது சுத்தமான ஆக்டிவ். நம் தமிழில் 'தாமதம் ஏற்பட்டது' என்பதும் அப்படியே. அங்கேயும் ஆளைக் காணோம். ஆகவே வாய்ஸைப் பார்த்தால் மட்டும் போதாது. யார் செய்தது என்று தேடவேண்டும்.

நாக்பூரில் இருந்தபோது, எங்கள் பியூன் ஒருவர் காலமானார். அவர் மனைவியின் குடும்பப் பென்ஷன் ஃபைல் நான்கு மாதம் என் மேஜையில் கிடந்தது. பிறகு கடிதம் அனுப்பினோம். கடைசி வரி, 'தி டிலே இஸ் ரிக்ரெட்டட்'. அந்த அம்மாள் பத்தாவது படிக்கும் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் கடிதத்தை நீட்டி, "ஸாஹப், இதில் வருத்தப்படுவது யார்?" என்று ஹிந்தியில் கேட்டான். கேலி இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான். நான், "ஆபீஸ்" என்றேன்.

அடுத்த மாதம் வேறொரு தாமதத்துக்கு 'ஐ ரிக்ரெட் தி டிலே' என்று டிராஃப்ட் வைத்தேன். மேலதிகாரி 'ஐ'யை அடித்துவிட்டு, பழைய வரியையே எழுதி அனுப்பினார். நானும் கையெழுத்துப் போட்டேன்.