விரல் நுனியில் ஒரு முத்திரை

சிவன் கோயில் கருவறையின் தெற்குச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கல்லால மரத்தடியில் தட்சிணாமூர்த்தி, முன் வலக்கையில் சின் முத்திரையோடு உட்கார்ந்திருப்பார். கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் தொடும். மற்ற மூன்றும் நீண்டிருக்கும். நீங்களும் இதைச் செய்து பார்க்கும்போது நுனிகள் தொட்டால் போதும், நசுக்க வேண்டாம். நகம் வெளுத்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். சம்மணம் போட முழங்கால் இடம் கொடுக்கவில்லையா? நாற்காலியிலேயே உட்காருங்கள், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். கைகளைத் தொடைமேல் வைத்து, மூச்சை அடக்காமல் இயல்பாக விட்டு, 5 நிமிடம் இருந்தால் போதும். விரல் மூட்டு வலித்தாலோ மரத்துப்போனாலோ பிரித்துவிடுங்கள். இதில் கிடைக்கும் அமைதியில் பெரும்பங்கு அந்த நிதானமான மூச்சுக்குத்தான் என்பது என் எண்ணம். முத்திரை சர்க்கரையை விரட்டும், ரத்தக்கொதிப்பைப் போக்கும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.