விண்மீன்களுக்கு இடையே உள்ள தூசி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். அவ்வழக்கத்தினின்று சிறிது விலகி வானியல் பேச நான் முற்பட்டமைக்குக் காரணம் உண்டு. நம் ஒக்கலிபுரத்துப் பிள்ளைகளிற் பலர், அவ்வறிவு தமக்கு எட்டாத தொலைவில் எங்கோ இருப்பதாக எண்ணுகின்றனர். ஆனால் இந்திய வான் இயற்பியல் நிலையம் இதே நகரில், கோரமங்கலாவில் அமைந்துள்ளது. ஆகவே, அத்துறையின் ஒரு சிறு பகுதியை இன்று தமிழில் எடுத்துரைக்க விழைகின்றேன்.

இருண்ட நாட்டுப்புறத்தில் பால்வீதியை நோக்கினால், இடையிடையே கரிய திட்டுகள் தோன்றும். அங்கே விண்மீன்களே இல்லை என்று முன்னோர் சிலர் கருதினர். உண்மை அதுவன்று. விண்மீன்களின் ஒளியை நடுவே நின்று மறைக்கும் நுண்ணிய தூசியே அத்தோற்றத்திற்குக் காரணம். கரிய திட்டுகளில் மட்டுமன்றி, வெறுமை போல் தோன்றும் வெளியிலும் அத்தூசி மெல்லிதாகப் பரவியுள்ளது என்பதை 1930ஆம் ஆண்டில் ராபர்ட் டிரம்ப்ளர் என்னும் அறிஞர் விண்மீன் கூட்டங்களை ஆராய்ந்து நிறுவினார். தொலைவிலுள்ள கூட்டங்கள், தொலைவிற்கேற்ப இருக்க வேண்டியதைக் காட்டிலும் மங்கித் தோன்றியமையே அவர் கண்ட சான்று.

அத்தூசி எத்தன்மையது? ஒரு துகளின் அளவு ஏறத்தாழ ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்காகும். கல்லின் தன்மையும் கரியின் தன்மையும் கொண்ட அத்துகள்கள், வாயுவோடு கலந்து நிற்கின்றன. வாயுவிற் பெரும்பகுதி ஹைட்ரஜன். எடையில் வாயு நூறு பங்கானால் தூசி ஏறத்தாழ ஒரு பங்கே. அவ்வொரு பங்கோ ஆற்றும் பணி பெரிது. ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்து மூலக்கூறாவது பெரும்பாலும் தூசித் துகளின் மேற்பரப்பிலேதான். அம்மேகங்கள் திரண்டு சுருங்கியே புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. நாம் நிற்கும் இந்த மண்ணும் முன்னொரு காலத்தில் அத்தகைய தூசியாக இருந்ததே!

ஒளியை மறைக்கும் பொருளை ஒளியால் எவ்வாறு ஆராய்வது? கொல்லன் உலையிலிருந்து எடுத்த இரும்பு, செந்நிறம் மாறிக் கறுத்த பின்னும் அருகே நீட்டிய கையைச் சுடுகிறது அன்றோ? கண்ணுக்குப் புலனாகாத அவ்வெப்பக் கதிரே அகச்சிவப்புக் கதிர். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் அதனைக் கண்டறிந்தார். பரவி நிற்கும் தூசி விண்மீன் ஒளியை உட்கொண்டு, அதனை அகச்சிவப்புக் கதிராக வெளிவிடுகிறது. அதன் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ். எனவே அக்கதிர் 100 முதல் 200 மைக்ரான் வரையுள்ள அலைநீளங்களில் மிகுந்து வருகிறது.

இங்கே ஓர் இடையூறு. நம் காற்றிலுள்ள நீராவி அக்கதிரைத் தரைக்கு வரவிடாது தடுக்கிறது. ஆதலால் கருவி காற்று மண்டலத்திற்கு மேலே செல்ல வேண்டும். 1983ஆம் ஆண்டில் ஐராஸ் என்னும் துணைக்கோள், திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்ட தொலைநோக்கியோடு பத்து மாதங்கள் வானத்தை அளந்தது. வானமெங்கும் கீற்று மேகம் போல மெல்லிய தூசி படர்ந்திருப்பதை அதுவே முதன்முதலில் நமக்குக் காட்டிற்று.

நம் நாட்டவரும் வாளாவிருக்கவில்லை. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார், ஒரு மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியை ஹைதராபாத்திலிருந்து பெரும் பலூனில் ஏற்றி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்திற்கு அனுப்பினர். ஜப்பானிய அறிஞர்களின் கருவியை அதனோடு இணைத்து, மின்னேற்றம் பெற்ற கரியணு 158 மைக்ரானில் வெளிவிடும் கதிரையும் அளந்தனர். வாயு தன் வெப்பத்தை இழந்து குளிர்வது பெரிதும் அக்கதிர் வழியாகவே. ஆகவே, வாயுவின் நிலையை அறிய அது உற்ற சான்றாகும்.

அலைநீளம் குறைந்த அகச்சிவப்புக் கதிரை உயர்ந்த, வறண்ட மலைகளிலிருந்தும் காணலாம். லடாக்கில் ஹான்லே என்னுமிடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில், இரண்டு மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி 2000ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. தமிழ்க் குடும்பத்தில் தோன்றி, 1983ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டுள்ளது. பனி மலைமேல் நிற்கும் அக்கருவியை, நம் நகரை அடுத்த ஹொசகோட்டேயில் அமர்ந்தவாறே துணைக்கோள் வழியாக இயக்குகின்றனர்!

அன்பர்களே! இரயிலிலும் ஆலையிலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் இங்கே நிரம்ப உண்டு. பிள்ளைகள் பள்ளியில் பிறமொழியில் அறிவியல் கற்கின்றனர். கற்கட்டும், அது நன்றே. ஆனால் மாலையில் வீடு திரும்பிய பிள்ளை தான் கற்றதைத் தாயிடம் தமிழில் சொல்ல இயலாது போயின், தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே ஒரு திரை விழுகிறது. தமிழ் அடுக்களைக்கு மட்டும், அறிவு பிறமொழிக்கு மட்டும் என்ற பிரிவினை நம் இல்லங்களில் வேரூன்றலாகாது.

ஆதலின் சங்கத்தாருக்கு இரு வேண்டுகோள்கள். மாதம் ஒருமுறை மாணவர் ஒருவர் தாம் கற்ற அறிவியற் பொருளைப் பெற்றோர் முன்னிலையில் தமிழில் கால் மணி நேரம் பேசட்டும். சொல் கிடைக்காத இடத்தில் பெரியோர் உதவட்டும். இரண்டாவதாக, ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளைச் சவ்வாது மலையிலுள்ள காவலூருக்கு அழைத்துச் செல்வோம். சென்னையிற் பிறந்த வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் அது. 1986ஆம் ஆண்டு முதல் அங்குள்ள பெரிய தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பார்வையாளரை அனுமதிக்கும் நாளை முன்னரே கேட்டறிந்து செல்லுதல் நலம்.

நகரத்து விளக்கொளியில் நம் பிள்ளைகள் காணாத பால்வீதியை அங்கே காண்பர். அதன் கரிய திட்டுகளைச் சுட்டி, “அம்மா, அது வெறுமையன்று” என்று ஒரு சிறுமி தமிழில் விளக்குவாளாயின், சங்கம் தன் கடமையைச் செய்ததாகும்.