கடல் கட்டிய கல்லும் காட்டு விலைக்குப் போன நிலமும்

(ஒத்தக்கடை விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



என் கையில இருக்கிற கல்லைப் பாருங்க. திருச்சி மாவட்டம் கல்லக்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல். தேன்கூடு மாதிரி கண்ணு கண்ணா இருக்கு. எலுமிச்சம்பழம் பிழிஞ்சா பொரியுது. நம்ம யானைமலைக் கல்லுல பிழிஞ்சா பொரியாது. யானைமலை பூமிக்கு அடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகிய பாறை. இதுவோ உயிர்கள் கட்டிய கல்.

பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, நம் நிலம் அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்து வந்த பின், கிழக்குப் பகுதி தாழ்ந்து கடல் உள்ளே புகுந்தது. ஆழமில்லாத வெதுவெதுப்பான தண்ணீரில் பவளப்பூச்சிகள் கடல்நீரின் சுண்ணாம்பை எடுத்துக் கூடு கட்டின. ஒன்று செத்தால் அதன் கூட்டின் மேல் அடுத்தது. பாசியும் சிப்பியும் நத்தையும் அதில் சேர்ந்தன. மேலே வண்டல் படிந்து அமுக்க, கல்லாயிற்று. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 1940இல் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் கல்மரமும் அந்தக் கடலில் புதைந்த மரம்தான்.

இந்தச் சுண்ணாம்புக்கல்தான் சிமெண்ட் ஆகுது. வேண்டாம்னு சொல்லலை, நம்ம வீடும் சிமெண்ட்தான். ஆனா கணக்கு என்ன? அரியலூர் பக்கம் என் சொந்தக்காரர் ஒருத்தர் நாலு ஏக்கர் கொடுத்தார். மானாவாரிக் காடுன்னு விலை போட்டாங்க. அடியில இருந்த கல்லுக்குக் கணக்கே இல்லை. பணம் ரெண்டு கல்யாணத்துல தீர்ந்தது. இப்ப அங்கே பனைமர ஆழத்துக்குப் பள்ளம். பக்கத்துக் கிணறுகள்ல தண்ணி இல்லை. நெல்லை அறுத்தா மறுபடி விதைக்கலாம். கல்லை அறுத்தா மறுபடி விளையுமா?

நமக்கும் அந்த நிலை வர இருந்தது. 2024 நவம்பரில் மேலூர் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவானது. அரிட்டாபட்டியும் நரசிங்கம்பட்டியும் மற்ற ஊர்களும் சேர்ந்து நின்றோம். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ஒற்றுமைக்குக் கிடைத்த வெற்றி அது.

ஆகவே நாம் கேட்பது:

1. எந்தக் கல்லுக்கும் குத்தகை விடுமுன் தமிழில் விவரம் தந்து கிராமசபை சம்மதம் பெற வேண்டும்.
2. நிலத்துக்கு விலை போடும்போது அடியிலுள்ள கனிமத்தையும் கணக்கிட வேண்டும்.
3. தோண்டி முடித்த பள்ளங்களுக்கு வேலி போட்டு, தேங்கும் நீரைப் பாசனத்துக்குத் தர வேண்டும்.
4. கல்லாகிப் போன உயிர்கள் உள்ள இடங்களை வெடி வைக்குமுன் அளந்து பாதுகாக்க வேண்டும்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் சங்கத்துக்கு வாங்க. படிச்சுச் சொல்றோம்.

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!