எசமானின் ஏட்டில் அடிமையின் பெயர்

(வெள்ளவத்தையில் நிகழ்த்தப்பட்ட நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு)



யார் நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அந்த ஆசிரியர், வரலாற்றுப் பாடத்தை அரசர்களில் தொடங்கமாட்டார். முதல் நாள் கரும்பலகையில் தம் பெயரை எழுதுவார். அதற்கு மேலே தகப்பன், பேரன், பூட்டன் என்று கோடு இழுத்துக்கொண்டு போவார். “உங்களுடையதை நாளைக்கு எழுதிக்கொண்டு வாருங்கள்” என்பார். சிலர் ஏழு தலைமுறை எழுதி வருவோம். சிலர் இரண்டோடு நிற்பார்கள். நின்றவர்களை அவர் கடிந்ததேயில்லை. எங்களைப் பார்த்துத்தான் கேட்பார்: “இவனுடைய கோடு ஏன் இங்கே நின்றது? யோசித்தீர்களா?” அன்று நாங்கள் யோசிக்கவில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கொழும்பில் குடும்ப வரலாறு தேடும் வேலையில் முறையாக இறங்கியவர்கள் ஒல்லாந்தப் பறங்கியர். 1908இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளியை அச்சிட்டார்கள். இன்ன ஊரிலிருந்து ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் கப்பலில் இன்ன உத்தியோகத்துக்கு வந்தவர் என்று மூல புருஷனில் தொடங்கி, ஆண்வழியாகவே அது இறங்கும். பல்லாண்டு உழைப்பு, நான் மதிக்கிற உழைப்பு. அதற்கு ஆதாரமாக நின்றவற்றில் முக்கியமானவை வுல்வெண்டால் தேவாலயத்தின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள்.

அந்தத் தேவாலயம் கொட்டாஞ்சேனை மேட்டில் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் நிறைவு பெற்றது. உள்ளே போனால் தரையே கல்லறைக் கற்கள்தான். கோட்டைக்குள் புதைக்கப்பட்டிருந்த ஆளுநர்களின் எச்சங்களையும் 1813இல் இங்கே கொண்டுவந்தார்கள். குனிந்து விரலால் தடவினால் குலச் சின்னமும் பிறந்த தேதியும் இறந்த தேதியும் இன்றும் விரலில் தட்டுப்படும். அந்த வீடுகளில் சமைத்தவளுக்கும், குடை பிடித்தவனுக்கும், பல்லக்குத் தூக்கியவனுக்கும் அங்கே கல் இல்லை.

அவர்கள் சிறு தொகையினர் அல்லர். 1694ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, கொழும்புக் கோட்டைக்குள்ளும் அதை ஒட்டிய நகருக்குள்ளும் வாழ்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகள். 1723இல் கொம்பனியின் பிஸ்கால் என்ற சட்ட அதிகாரி பாரெண்ட் வான் டெர் ஸ்வானும் அவர் மனைவியும் வீட்டு அடிமைகளால் கொலையுண்ட பிறகு, கொம்பனி தன் அடிமைகளை இரவில் பேர வாவிக்கு அப்பால் கொண்டுபோய் அடைத்தது என்று கொழும்பின் பழைய வரலாறுகள் சொல்கின்றன. ஆங்கிலேயர் அந்த இடத்தை அடிமைத் தீவு என்றே அழைத்தார்கள். நமக்கு அது கொம்பனித்தெரு. பஸ் நடத்துநர் கூவுகிற அந்தப் பெயரில் அடைத்து வைத்த கொம்பனி இருக்கிறது, அடைபட்டவர்கள் இல்லை.

யார் அவர்கள்? 1658இல் நாகப்பட்டினம் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே தஞ்சை நாட்டில் படையெடுப்பும் பஞ்சமும். 1659க்கும் 1661க்கும் இடையில் எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேர் வரை சோழமண்டலக் கரையில் வாங்கப்பட்டு இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். ஒரு பிடி அரிசிக்குப் பிள்ளையை விற்ற தாய், தன்னையே விற்ற தகப்பன். தமிழ் பேசிய மனிதர்கள். கொழும்புத் தமிழரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் செட்டித்தெரு வணிகரில் தொடங்குகிறோம். இவர்களைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தக் கொம்பனியின் ஏடுகள் ஏறத்தாழ 7,000 தொகுதிகள் இருக்கின்றன. ஏட்டின் தாளைத் திருப்புவதற்கே பயமாக இருக்கும். மையில் கலந்த இரும்பு தாளை அரித்துவிட்டது. எழுத்து இருந்த இடத்தில் சில வேளை எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை விழுந்திருக்கும். இறந்துபோன ஒரு கனவானின் உடைமைப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிச் சாமான், கருங்காலிக் கட்டில், சீனக் கோப்பைகள். அந்த வரிசையிலேயே ஆட்கள். வைத்த பெயரும் எசமானின் விருப்பம்: கியூபிடோ, ஜனுவாரி, செப்தெம்பர். வாங்கிய மாதமே ஒருவனுக்கு ஆயுள் முழுவதும் பெயராகிவிடலாம். பெயருக்குப் பின்னே ‘வான்’ என்றொரு சொல், பிறகு ஓர் ஊர்: நாகப்பட்டினம், தூத்துக்குடி, வங்காளம்.

இந்த ‘வான்’ என்ற சொல்லில் சற்று நிற்க விரும்புகிறேன். ஒல்லாந்து மொழியில் அது ‘இன்ன ஊரைச் சேர்ந்த’ என்று பொருள்படும். பிஸ்கால் வான் டெர் ஸ்வானின் பெயரிலும் அதுதான். அவர் வீட்டு அடிமையின் பெயரிலும் அதுதான். எசமானுக்கு அது தகப்பனிடமிருந்து வந்து மகனுக்குப் போகிற குடும்பப் பெயர். அடிமைக்கோ பல வேளைகளில் பிறந்த ஊர்கூட இல்லை, கப்பலேற்றிய துறைமுகம். மகனுக்கு அது போகாது. கோடு அங்கே நின்றுவிடுகிறது. ஆசிரியரின் கேள்விக்கு நான் கண்ட முதல் விடை அந்தத் தாளில்தான் கிடைத்தது.

அப்படியானால் தேட வழியே இல்லையா? உண்டு. எசமானின் கணக்கேட்டையே அடிமையின் பக்கமிருந்து வாசிக்க வேண்டும்.

அமெரிக்காவில் இது நடந்திருக்கிறது. வர்ஜீனியாவின் தோட்டத்துரை தோமஸ் ஜெபர்சன் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர். தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தவர். மொண்டிசெல்லோ தோட்டத்தில் யாருக்கு எத்தனை முழத் துணி, எந்தத் தாய்க்கு எந்த ஆண்டில் எந்தப் பிள்ளை என்று தம் பண்ணை ஏட்டில் கைப்பட எழுதி வைத்தார். செலவுக் கணக்குக்காக எழுதியது. இன்று அந்த மக்களின் வழித்தோன்றல்கள் முன்னோரைத் தேடுவது அந்த ஏட்டின் வழியாகத்தான். 1993இல் தொடங்கி அவர்களின் வாய்மொழி நினைவுகளையும் திரட்டி ஏட்டோடு ஒப்பிட்டு வருகிறார்கள். சாலி ஹெமிங்ஸ் என்ற அடிமைப் பெண்ணின் பிள்ளைகளுக்கு ஜெபர்சனே தகப்பன் என்பதை அக்குடும்பம் தலைமுறைகளாகச் சொல்லிவந்தது. எழுத்து வரலாறு மறுத்துவந்தது. 1998இல் மரபணுச் சோதனை குடும்பத்தின் வாய்மொழிக்குச் சார்பாக நின்றது.

நன்னம்பிக்கை முனையின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். அங்கே ஆண்டதும் இதே கொம்பனி. அஞ்சலா வான் பெங்காலா என்ற பெண் தளபதி வான் ரீபேக்கிடம் அடிமையாக இருந்து, 1666இல் விடுதலையாகி, 1669இல் ஆர்னோல்டஸ் பாசொன் என்பவரை மணந்தாள். இன்று பாசொன் குடும்ப மரத்தை வரைகிறவர்கள் அவளையும் மூதாதை என்று முதல் வரியிலேயே எழுதுகிறார்கள். நெடுங்காலம் அவள் ஊர் எதுவென்று பேசாமல் விட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அவர்கள்.

இலங்கையில் தேடுகிறவருக்கு ஓர் இழப்பு உண்டு. 1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை முறையை ஒழித்து, உடைமையாளருக்கு இரண்டு கோடி பவுண் இழப்பீடு கொடுத்தது. அடிமைகளுக்கு ஒரு சதமும் இல்லை. ஆனால் அந்த இழப்பீட்டுக் கோப்புகளால் யார் யாரிடம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது பதிவாகிவிட்டது. அதே சட்டம் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கொம்பனியின் ஆட்சிப் பகுதிகளையும் இலங்கையையும் விலக்கி வைத்தது; அந்தக் கோப்புகளில் நாம் இல்லை. நமக்கு விடுதலை 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடுதான் வந்தது.

இதற்கு முன்பே, 1816இல் பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் உடைமையாளரை இணங்க வைத்து, அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி முதல் தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று ஒப்பமிடச் செய்தார். ஒப்பமிட்டவர்கள் ஒல்லாந்தர் மட்டுமல்லர். நம்மவர்களும் இருந்தார்கள். ஒப்பமிட வேண்டிய நிலையில் நாம் இருந்தோம் என்பதை இந்த மண்டபத்தில் உரத்துச் சொல்ல வேண்டும்.

1707இல் ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் இசாக்ஸ் தொகுத்த, நம் யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை யான் பீரூஸ் தமிழாக்க, பன்னிரண்டு முதலிமார் வாசித்துச் சரி என்றார்கள். பரம்பரைச் சொத்து, சீதனம் பற்றிய விதிகளோடு அடிமைகளைப் பற்றிய பகுதியும் அதில் இருக்கிறது. கோவியர், நளவர், பள்ளர் எவர்க்கு உரியவர், எப்படிப் பிரிக்கப்படுவர் என்று. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அதற்கு வலுக் கொடுத்தார்கள். இன்றும் நீதிமன்றத்தில் சீதனக் காணி வழக்கில் தேசவழமையை எடுத்துப் பேசுகிறோம். அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு.

என் தாய்வழியில் ஒரு சீதன ஓலை உண்டு. 1983 ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் எரிந்தபோது, ஊர்ப் பெட்டியில் கிடந்ததால் அது தப்பியது. 1806க்குச் சில ஆண்டுகள் பிந்தியது. இத்தனை லாச்சம் வயல், ஒரு பனங்காணி, இரண்டு நகைகள். பிறகு ஒரு பெண்ணின் பெயர். அவளும் அவள் பெறும் பிள்ளைகளும். வயலுக்கு நான்கு பக்கமும் எல்லை எழுதியிருக்கிறது. அவளுக்குத் தகப்பன் பெயர்கூட இல்லை. எங்கள் குடும்ப மரத்தைத் திரும்ப வரைந்தபோது, சீதனம் பெற்ற பூட்டியின் வரிசையிலேயே அவள் பெயரையும் எழுதினேன். உறவினர் சிலருக்கு மனவருத்தம். ‘ஏன் கிளறுகிறாய், அந்தச் சனத்துக்கும்தானே வெட்கம்’ என்றார்கள். சீதனமாக எழுதப்பட்டவளுக்கு என்ன வெட்கம்? எழுதியது எங்கள் கை.

சென்ற ஆண்டு அந்த ஓலையோடு ஊருக்குப் போனேன். வயலுக்கு அந்தப் பக்கத்தில் தலைமுறைகளாக இருக்கிற குடும்பத்தாரிடம் அதைக் காட்டுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். காட்டினேன். மூத்த அம்மா ஒருவர் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார். “எனக்கு இந்த எழுத்துப் பிடிபடாது தம்பி, நீங்கள் வாசியுங்கோ.” வாசித்தேன். வயலின் எல்லைகள் வரும்வரை, ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெயர் வந்ததும் கையை உயர்த்தினார்.

“அதைத் திருப்பி வாசியுங்கோ.”

வாசித்தேன்.