பொதுக் குழாயும் பொது தர்மமும்

 

இலக்கிய மன்றத்தின் மேடையில் ஏறிக் குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேசுகிறானே இவன் என்று உங்களில் சிலர் வியப்படையக்கூடும். கம்பனையும் இளங்கோவையும் பேசினால் கேட்பவர்களுக்குச் சுகம், பேசுகிறவனுக்குப் பெருமை. ஆயினும், மழைக்காலம் பிறந்துவிட்டால் ஆஸ்பத்திரி வராந்தாவில் வாந்தியும் பேதியுமாகப் பாயில் சுருண்டு கிடக்கிற குழந்தைகளையும், அவர்கள் தலைமாட்டில் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டிருக்கிற தாய்மார்களையும் ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டே, அவர்கள் குடித்த தண்ணீர் எங்கே கெட்டது என்று ஒரு வார்த்தை கேளாமல் காவிய ரசனையில் திளைத்துவிட்டுப் போவது எனக்குத் தர்மமாகப் படவில்லை. ஆகையால் உங்கள் பொறுமையைச் சற்றே கடனாகக் கேட்கிறேன்.

குழாய்த் தண்ணீர் கெடுவதற்கு மூன்று இடங்கள் உண்டு. தொடக்கத்தில், அதாவது நதியிலோ ஏரியிலோ நீரை எடுக்கும் இடத்தில் கெடலாம். நடுவில், அதைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் கெடலாம். கடைசியில், நம் தெருவுக்கு அடியில் ஓடிவரும் குழாயில் கெடலாம். முதல் இரண்டு இடங்களைப் பற்றி உலகம் பெருவிலை கொடுத்துப் பாடம் கற்றிருக்கிறது. மூன்றாவது இடத்தைப் பற்றித்தான் நாம் இன்னும் அசட்டையாக இருக்கிறோம்.

முதல் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர் லண்டன் நகரத்து வைத்தியர் ஜான் ஸ்நோ. 1854ஆம் ஆண்டில் அந்நகரின் தென்பகுதியில் காலரா கோரத் தாண்டவம் ஆடியபோது, ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் ஒரே காற்றைச் சுவாசித்து வாழ்ந்த ஜனங்களுக்கு இரண்டு கம்பெனிகள் போட்டியிட்டுக்கொண்டு குழாயில் தண்ணீர் கொடுத்துவந்தன. ஒரு கம்பெனி நகரத்துச் சாக்கடையெல்லாம் வந்து விழுகிற பாட்டர்ஸியில் தேம்ஸ் நதியிலிருந்து நீரை எடுத்தது. மற்றது 1852ஆம் ஆண்டிலேயே தன் நீரேற்றும் இடத்தை நதியின் மேற்பகுதிக்கு, சாக்கடை எட்டாத தூரத்துக்கு, மாற்றிக்கொண்டுவிட்டது. ஸ்நோ வீடு வீடாகப் போய், எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று தெரியாத வீடுகளில் நீரில் உள்ள உப்பைச் சோதித்தே அதைக் கண்டுபிடித்து, மரணங்களைக் கணக்கிட்டார். பாட்டர்ஸித் தண்ணீர் குடித்த வீடுகளில் பத்தாயிரத்துக்கு 315 மரணங்கள். மேல்நதித் தண்ணீர் குடித்த வீடுகளில் பத்தாயிரத்துக்கு 37. காற்றில் விஷம் பரவுகிறது என்று அக்காலத்துப் பண்டிதர்கள் சாதித்துவந்த வாதத்துக்கு இதைவிடப் பிரத்தியட்சமான மறுப்பு வேறென்ன வேண்டும்?

இரண்டாவது பாடம் நம் தேசத்தின் தலைநகரிலேயே நடந்தது. 1955ஆம் ஆண்டு மழை வெள்ளம் வடிந்தபின் யமுனை தன் போக்கை மாற்றிக்கொண்டது. அதனால் நஜஃப்கட் கால்வாயின் கழிவு, டில்லி நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் வஸீராபாத் நிலையத்தின் வாய்க்கே திரும்பி வந்து சேர்ந்தது. அங்கிருந்த இஞ்சினீர்கள் சும்மா இருந்துவிடவில்லை. படிகாரத்தையும் குளோரினையும் அதிகமாகவே சேர்த்தார்கள். அதன் பயனாக டைபாய்டு முதலிய வியாதிகள் பெருகவில்லை. ஆனால் அந்த மருந்துக்கும் அடங்காத நுண்கிருமி ஒன்று குழாய் வழியே வீடுகளுக்குள் புகுந்து, டிசம்பரிலும் ஜனவரியிலுமாகச் சுமார் 29,000 பேரை மஞ்சள் காமாலையில் படுக்க வைத்தது. கர்ப்பிணிகளே அதில் அதிகமாக மாண்டார்கள். அது 'ஈ' வகைக் காமாலை என்பது பல்லாண்டுகள் கழித்தே ஆராய்ச்சியாளர்களுக்குப் புலப்பட்டது. சாக்கடை கலந்த பிறகு மருந்து போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று நம்பியிருப்பது எவ்வளவு பேதமை என்பதற்கு டில்லி நகரத்து அந்தக் குளிர்காலம் சாட்சி.

சுத்திகரிப்பு விஷயத்தில் நம் சென்னைப் பட்டணமும் தாமதமாகவே விழித்துக்கொண்டது. செங்குன்றம் ஏரியிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வரத் தொடங்கியது 1872இல். அதை மணல் படுகைகளில் வடிகட்டிக் கொடுக்கும் ஏற்பாடு கீழ்ப்பாக்கத்தில் அமைந்தது 1914இல். இடைப்பட்ட நாற்பத்திரண்டு ஆண்டுகளும் பட்டணத்து ஜனங்கள் ஏரித் தண்ணீரை ஏரித் தண்ணீராகவே குடித்துவந்தார்கள். அந்த நிலைமை மாறி, இன்று பெரிய நகரங்களில் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலைத் தாண்டும் தண்ணீர் பெரும்பாலும் நல்ல தண்ணீராகவே புறப்படுகிறது. நல்லதாகப் புறப்பட்டது நம் குடத்தில் விழும்போது ஏன் நாறுகிறது என்பதே கேள்வி.

விடியற்காலையில் நம் ஊர்த் தெரு ஒன்றில் நின்று பாருங்கள். தண்ணீர் திறந்துவிடுகிறவர் சைக்கிளில் வந்து, இரும்பு மூடியைத் தூக்கி, நீண்ட சாவியைப் போட்டு வால்வைத் திருகுகிறார். குழாய் உடனே தண்ணீர் விடுவதில்லை. புஸ்ஸென்று காற்றைக் கக்கி, இருமி, பிறகு செம்பழுப்பாக ஒரு வாளி விடும். அந்த முதல் வாளியைச் செடிக்கு ஊற்றிவிட்டு, குழாய் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, தெளிந்த பிறகே அடுத்த குடத்தை வைக்கிறார்கள் நம் தாய்மார்கள். அந்தத் துணி மண்ணைத் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. அந்தக் குழாய் எங்கே கிடக்கிறது என்று குனிந்து பார்த்தால், வீட்டு வாசலில் உள்ள திறந்த சாக்கடையின் குறுக்கே, சில சமயம் சாக்கடை நீருக்குள்ளேயே முழுகிக்கொண்டு, துருப்பிடித்த ஜாயிண்டோடு போய்க்கொண்டிருக்கும். தண்ணீர் வேகம் பற்றாத தெருக்களிலோ வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, அதற்குள் குழாயின் வாயைத் தாழ்த்திவைத்து, குழிக்குள் இறங்கி மொண்டு எடுக்கிறார்கள். மழை பெய்தால் அந்தக் குழி நிரம்புகிறது. குழாயின் வாய் தெருநீருக்குள் முழுகிக் கிடக்கிறது.

தண்ணீர் ஓடுகிற நேரத்தில் இதனால் பெரிய அபாயம் இல்லை. குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் நீரை வெளியேதான் தள்ளும். வால்வை மூடின பிறகுதான் வினை. உள்ளே இருந்த நீர் தாழ்ந்த வீடுகளின் வழியே வடிய வடிய, குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, விரிசல் எங்கே இருக்கிறதோ, பழுதான ஜாயிண்டு எங்கே இருக்கிறதோ, முழுகின குழிக்குழாய் எங்கே இருக்கிறதோ, அங்கெல்லாம் வெளியே உள்ள சாக்கடை நீரை அது உள்ளே இழுத்துக்கொள்கிறது. மறுநாளோ, மூன்றாம் நாளோ, வாரம் கழித்தோ தண்ணீர் திறக்கும்போது அந்த அழுக்கே முதலில் வீட்டுக்கு வருகிறது. ஆகவே, குழாயில் தண்ணீர் வருகிற ஒரு மணி நேரத்தை அல்ல, வராத மற்ற மணி நேரங்களைத்தான் நாம் அஞ்ச வேண்டும்.

இந்த அபாயத்துக்கு நாம் கண்டுபிடித்திருக்கிற பரிகாரம் என்ன? அவரவர் தமக்குத் தனி வழி தேடிக்கொள்வதுதான். வசதியுள்ளவர் குழாயில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார். அது சட்டத்துக்கு விரோதம் என்பது அவருக்கும் தெரியும், அபராதம் போடவேண்டியவருக்கும் தெரியும். அவர் மோட்டார் தண்ணீரை மட்டுமா இழுக்கிறது? தண்ணீர் ஓடுகிற நேரத்திலும்கூடத் தெருக் குழாயில் வெற்றிடத்தை உண்டாக்கி, அடுத்த வீட்டு வாசல் சாக்கடையையும் சேர்த்து இழுத்து, மோட்டார் இல்லாத ஏழையின் குடத்துக்கு அனுப்பிவைக்கிறது. பிறகு அவரே, தண்ணீர் நாறுகிறதென்று சமையலறையில் சுத்திகரிப்பு யந்திரம் ஒன்றை வைத்துக்கொள்கிறார். ஒரு லிட்டர் நல்ல நீருக்காக அதைவிட அதிகமான நீரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது அந்த யந்திரம். இன்னும் சிலர் இருபது லிட்டர் கேனுக்கு மாறி, குழாய்த் தண்ணீரைப் பாத்திரம் கழுவுவதோடு நிறுத்திவிட்டார்கள்.

அவர்களை நான் நிந்திக்கவில்லை. பெற்ற குழந்தைக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று நினைப்பது குற்றமாகாது. ஆனால் இதன் விளைவைச் சிந்தியுங்கள். எவருடைய சொல் அலுவலகங்களில் செல்லுமோ, எவருடைய கடிதத்துக்குப் பதில் வருமோ, எவர் டெலிபோன் செய்தால் இஞ்சினீர் நேரில் வருவாரோ, அவர்கள் எல்லோரும் பொதுக் குழாயை விட்டு விலகிவிட்டார்கள். அதையே நம்பியிருக்கிறவர்கள் குரல் எழும்பாத ஜனங்கள். நாவில் படாத தண்ணீருக்காக வாதாட யார் வருவார்கள்? குழாய் துருப்பிடித்ததைக் காட்டிலும் இதுவே பெரிய கேடு என்பது என் அபிப்பிராயம்.

நம் முன்னோர் தண்ணீரைக் காத்த விதத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம். சிவகங்கை, இராமநாதபுரம் சீமைகளில் குடிப்பதற்கென்றே ஊருணி வெட்டி, அதில் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்து, காவலும் போட்டார்கள். ஊரார் கண்ணெதிரே கிடந்த தண்ணீருக்கு ஊரே பாராக்காரனாக இருந்தது. ஆனால் அந்தப் பெருமையைப் பேசும்போது அதன் சிறுமையை மறைத்தல் ஆகாது: ஊருணியில் இறங்கி ஒரு குடம் மொள்ளும் உரிமை எல்லாச் சாதியாருக்கும் இருக்கவில்லை. கரையில் நின்று பிறர் ஊற்றும் தண்ணீருக்காகக் காத்திருந்த மக்களுக்குத் தெருவில் வந்த பொதுக்குழாய் ஒரு விடுதலையாக வந்தது. அந்த விடுதலையும் முழுமையடைந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சமூகத்தார் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்த செய்தி கேட்டு நாடே தலைகுனிந்தது. இவ்வளவுக்கும் பிறகு, சாதியால் பிரிந்திருந்த தண்ணீரைப் பொதுவாக்கிய குழாயை, இப்போது பணத்தால் மீண்டும் பிரித்துவிடுவது எந்த வகையில் நியாயம்?

"வரி கட்டுகிறோம், தண்ணீரைக் காப்பது நகராட்சியின் வேலை அல்லவா?" என்று கேட்பீர்கள். சந்தேகமில்லாமல் அவர்கள் வேலைதான். மாசற்ற நீர் உயிர் வாழும் உரிமையின் ஓர் அங்கம் என்று நம் உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் பூமிக்கு அடியில் கிடக்கும் குழாயின் யோக்கியதையைக் கண்ணால் அறிய முடியாது. சோதனையால்தான் அறிய முடியும். அந்தச் சோதனையோ மிகவும் எளியது. கடைசி வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரைச் சிறு கண்ணாடிக் குழலில் ஊற்றி, அதில் மருந்துச் சொட்டுகளை விட்டால், குளோரின் இருக்குமானால் நீர் மஞ்சளாக மாறும். அந்த மஞ்சளை அட்டையில் உள்ள நிறங்களோடு ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நிறமே மாறாவிட்டால் இரண்டில் ஒன்று: தொட்டியில் மருந்து போடவில்லை, அல்லது வழியில் புகுந்த அழுக்கு அதைத் தின்றுவிட்டது. மருந்து போட்டேன் என்று சொல்கிறவர் உண்மையே சொல்லக்கூடும். ஆனால் வாய் திறந்து கிடக்கும் சாக்கில் ஈரம் ஏறி வீரியம் போன பிளீச்சிங் பவுடரைப் போட்டால், போட்டதற்கும் போடாததற்கும் பேதமில்லை.

ஆகவே இந்தச் சபையின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒவ்வொரு வார்டிலும் கடைசி வீட்டுக் குழாயில் எடுத்த குளோரின் அளவை நாள்தோறும் மேல்நிலைத் தொட்டியின் அடியில் ஒரு பலகையில் எழுதிவைக்க வேண்டும்; தொட்டி கழுவிய தேதியைப் பெயிண்டால் எழுதுகிற வழக்கம் இருக்கிறதே, அதன் பக்கத்தில் இதையும் எழுதுவதில் என்ன சிரமம்? இரண்டாவது, சாக்கடைக்குள் முழுகிக் கிடக்கும் வீட்டு இணைப்புகளை எல்லாம் கணக்கெடுத்து மேலே தூக்க வேண்டும். மூன்றாவது, மோட்டார்களைக் கழற்ற வேண்டும். குழிகளை மூட வேண்டும். அப்படி மூடும்போதே அந்தத் தெருவுக்கு நீரழுத்தம் கிடைக்கவும் வழி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஏழையைத் தண்டித்ததாகவே முடியும். நான்காவது, குழாய் எந்நேரமும் நிறைந்திருக்கும்படியான விநியோகத்தை நோக்கிச் சிறுகச் சிறுகவேனும் நகர வேண்டும். இது கனவு என்று சிரிப்பவர்கள் ஒடிசாவின் பூரி நகரத்தைப் பார்க்கலாம்; தேசத்தின் நானா திசையிலிருந்தும் யாத்திரிகர்கள் வந்து குவிகிற அந்த க்ஷேத்திரத்தில் 2021 முதல் இருபத்து நான்கு மணி நேரமும் குழாயிலிருந்து நேரே குடிக்கத்தக்க தண்ணீர் கொடுக்கும் ஏற்பாடு நடந்துவருகிறது.

இவையெல்லாம் நடக்கும் வரையில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். குழாயில் சாக்கடை வாடை அடித்தால், "நம் வீட்டில்தான் யந்திரம் இருக்கிறதே" என்று இருந்துவிடாமல் அன்றைக்கே புகார் எழுதிக் கொடுங்கள். அடுத்த தெருவில் அந்த வாடையோடேயே குடிக்கிற வீடு ஒன்று நிச்சயம் இருக்கும்.

நான் சொன்ன நான்கு வேண்டுகோள்களையும் ஒரு விண்ணப்பமாக எழுதி மன்றத்துச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். கூட்டம் கலைந்ததும் வாசலில் உள்ள மேஜையில் அது இருக்கும். எல்லோரும் கையொப்பமிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எனினும் அதில் ஒரு வரிசைமுறை வேண்டும்: வீட்டில் சுத்திகரிப்பு யந்திரம் வைத்திருப்பவர்களும் கேன் தண்ணீர் வாங்குகிறவர்களும் முதலில் கையெழுத்துப் போடட்டும், மற்றவர்கள் பிறகு போடலாம்.